கிளிப் போட பல்லில் ஆசிட் வைப்பார்களாமே, காவிப் பல்லுக்கு ஒத்துவருமா?

பென்னாகரம்_அப்பா:
பெண்ணுக்கு 14 வயது, முன்பல் தூக்கல், கிளிப் போடலாம் என்று இருக்கிறோம். சின்ன வயதில் போர் தண்ணீர்தான் குடித்தாள், ஒகேனக்கல் குடிநீர் எங்கள் தெருவுக்கு வந்தது அப்புறம்தான். அதனால் பல்லெல்லாம் வெள்ளைத் திட்டு, இரண்டு முன்பல்லில் பழுப்புக் கறை. பல்லின் கெட்டியான மேல்பூச்சான எனாமல் மேல் ஆசிட் வைத்துத்தான் பிராக்கெட் (கம்பியைப் பிடிக்கும் சின்னத் துண்டு) ஒட்டுவோம், இவளுக்குக் கொஞ்சம் கூடுதல் நேரம் வைக்கணும் என்கிறார் டாக்டர். இதைக் கேட்டதிலிருந்து வீட்டில் கிளிப்பே வேண்டாம் என்கிறார்கள். பல் அரித்துப் போகாதா?

ஆர்த்தோ_பிஜி:
சார், இது பாத்ரூம் ஆசிட் இல்லை. 37 சதவீத பாஸ்பாரிக் ஆசிட் ஜெல், சாதாரணப் பல்லுக்கு 15 முதல் 30 விநாடி, அவ்வளவுதான். 1955-இல் புவோனோகோர் இந்த முறையை முதலில் எழுதியபோது 85 சதவீத ஆசிட் வைத்தார், இப்போது அதில் பாதிகூட இல்லை. எனாமல் ஏறக்குறைய முழுக்கவே தாது, வழவழப்பானது, பசை அதில் அப்படியே பிடிக்காது. ஆசிட் மேலாக சில மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கரைத்து கண்ணுக்குத் தெரியாத குழிகளை உண்டாக்கும், ரெசின் என்ற பசை உள்ளே இறங்கி நீல லைட் பட்டதும் இறுகிவிடும். முன்பல் எனாமல் கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் தடிமன், அதில் இந்த நஷ்டம் ஒரு பொருட்டே இல்லை.

உங்கள் பெண்ணுக்கு மாதிரி போர் தண்ணீரால் ஃபுளோரைடு ஏறிய பல்லின் மேல்தோல் ஆசிட்டுக்கு லேசில் மசியாது. கழுவிக் காயவைத்தால் சாக்பீஸ் மாதிரி வெளுக்க வேண்டும், வெளுக்காவிட்டால் இன்னொரு முறை வைப்போம். உங்கள் டாக்டர் சொன்னது அதைத்தான்.

கம்பி_கட்டியவன்:
ஆசிட் வைத்தபோது எனக்கு ஒன்றும் தெரியவில்லை, நாக்கில் பட்டால் புளிக்கும், அவ்வளவே. எனக்குத் தொல்லை கொடுத்தது எச்சில்தான். கீழ்க்கடைவாய்ப் பல்லில் ஒட்டியது சாப்பிடும்போதெல்லாம் கழன்று வந்தது, வேறு டாக்டர் பார்த்துவிட்டு ஒட்டும்போது ஈரம் பட்டிருக்கும் என்றார். கன்னத்தை விலக்கிப் பிடிக்கும் பிளாஸ்டிக், எச்சில் உறிஞ்சும் குழாய், பஞ்சு எல்லாம் வைத்து நிதானமாக ஒட்டுகிற இடமா என்று பாருங்கள்.

பென்னாகரம்_அப்பா:
நன்றி தம்பி. கழற்றும்போது எனாமல் பெயர்ந்து வராதா? அவள் அம்மாவுக்கு இப்போது அந்தக் கவலை.

சேலம்_பல்டாக்டர்:
கேட்க வேண்டிய கேள்வியே அதுதான். நல்ல எனாமலில் பொதுவாகப் பசை பல்லிலேயே தங்கும், அதை நிதானமாக டிரில் வைத்து எடுப்போம். ஃபுளோரோசிஸ் (ஃபுளோரைடு அதிகமாகி பல்லில் வரும் இந்தத் திட்டு, கறை) கடுமையாகி மேற்பரப்பு குழிவிழுந்திருந்தால் மேல்தோலுக்கு அடியில் எனாமல் பொலபொலப்பாக இருக்கும், கழற்றும்போது துணுக்கு வரக்கூடும். உங்கள் பெண்ணுக்கு வெறும் திட்டும் கறையும்தானா, குழியும் இருக்கிறதா? பல்லைப் பார்க்காமல் நான் சொல்ல முடியாது. திட்டு மட்டும் என்றால் கூடுதல் நேரம்கூட அவசியம் என்று எனக்குத் தோன்றவில்லை, ஆர்த்தோ பிஜி கோபிக்க வேண்டாம். எண்ணெயும் ஃபுளோரைடும் கலக்காத பியூமிஸ் (எரிமலைக் கல்) பவுடரில் பல்லை நன்றாகத் தேய்த்து அழுக்குப் படலத்தை எடுத்துவிட்டு ஆசிட் வைத்தாலே பெரும்பாலும் பிடித்துவிடும். அவசரத்தில் பலர் அந்த வேலையைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று, கறை போகட்டும் என்று முதலில் பிளீச் பண்ணிவிடாதீர்கள். பிளீச் செய்த கையோடு ஒட்டினால் பசை பிடிக்காது, இரண்டு வாரமாவது விட வேண்டும். ஒட்டுவதற்கு முன் எல்லாப் பல்லையும் போட்டோ எடுக்கச் சொல்லுங்கள், ஏனென்றால் கிளிப் சுற்றி ஒழுங்காகத் துலக்காவிட்டால் ஒரு மாதத்திலேயே புது வெள்ளைத் தழும்பு வந்துவிடும், பிறகு பழைய திட்டு எது, புதியது எது என்று சண்டைதான். நான் பார்த்தவரை ஆசிட்டால் கெட்ட பல்லைவிட துலக்காமல் கெட்ட பல்தான் அதிகம்.

ஆர்த்தோ_பிஜி:
கோபம் இல்லை சார் :) ஆனால் எங்கள் காலேஜில் தண்ணீரில் ஃபுளோரைடு அதிகமுள்ள தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கத்துப் பிள்ளைகள் என்றால் கூடுதல் நேரம்தான் வைக்கச் சொல்கிறார்கள்.

பென்னாகரம்_அப்பா:
குழி இல்லை டாக்டர், கறைதான். வெள்ளிக்கிழமை போகிறோம், போட்டோவும் பியூமிஸும் கேட்டுவிடுகிறேன்.