புதுப்பிப்பு: அம்மாவின் ஃப்ரோசன் ஷோல்டர், முதல் பிசியோதெரபி நாள்

அம்மாவுக்குத் தோள்பட்டை இறுகிவிட்டது, பிசியோவில் முதல் நாள் என்ன செய்வார்கள் என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி.

போய் வந்தாச்சு. பாதி நேரம் பேச்சுதான்: ராத்திரி அந்தப் பக்கம் படுக்க முடிகிறதா, தலை பின்ன முடிகிறதா, வலிக்கு 0 முதல் 10க்குள் எத்தனை. பிறகு பிசியோதெரபிஸ்ட் அம்மாவையே கையைத் தூக்கச் சொன்னார். அடுத்து அவர் பிடித்துத் தூக்கிப் பார்த்தார். இரண்டு முறையும் கை ஒரே இடத்தில் நின்றது. கோனியோமீட்டர் என்ற கோணமானியால் கை எவ்வளவு தூரம் அசைகிறது என்று அளந்து எழுதிக்கொண்டார். முழங்கையை விலாவோடு ஒட்டி முன்கையை வெளியே திருப்புவதுதான் மிகக் குறைவு.

கை தளர்ந்த ரவிக்கை போடச் சொன்னவருக்குத் தனி நன்றி, தோளைப் பார்க்க அதுதான் வசதியாக இருந்தது. சுகர் ரிப்போர்ட்டும் அவசியம். சர்க்கரை உள்ளவர்களுக்கு இது அதிகம் வருமாம், முதலில் அதைத்தான் கேட்டார்.

எதிர்பார்க்காதது: கழுத்தையும் சோதித்தார். மெஷின் எதுவும் வைக்கவில்லை. ஒத்தடம் கொடுத்து, மேஜையைப் பிடித்துக் குனிந்து கையைத் தொங்கவிட்டு மெல்லச் சுற்றும் பயிற்சி மட்டும் கற்றுக்கொடுத்தார். சாயங்காலம் லேசாக வலித்தது. மறுநாளும் நீடித்தால் பயிற்சியைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார்.