ரீகேப், ரீஃபார்ம்: இரண்டுக்கும் ஒரே தமிழ்ச்சொல்லா?

மடற்குழு நண்பர்களுக்கு வணக்கம்.

வால்வு ரேடியோவில் பழைய கண்டன்சர்களை (மின்தேக்கிகளை) மொத்தமாக மாற்றும் வேலைக்கு, அதாவது ரீகேப் என்று நாம் சொல்வதற்கு, இந்த இழையில் இதுவரை இரண்டு சொற்கள் வந்திருக்கின்றன.

> மறுதேக்கம் என்று வைக்கலாமே? சுருக்கமாக இருக்கிறது.

> புதுப்பித்தல் போதும். எல்லோருக்கும் புரியும்.

முதல் சொல்லுக்கு அதிகம் பேச வேண்டாம். கொள்முதல் நிலையத்தில் நெல் மூட்டை தேங்கினாலும் தேக்கம், நீதிமன்றத்தில் வழக்கு தேங்கினாலும் தேக்கம். மறுதேக்கம் என்றால் மறுபடியும் தேங்கிவிட்டது என்றுதான் காதில் விழுகிறது.

என் சண்டை இரண்டாவது சொல்லோடு. அந்தச் சொல்லுக்கு நான், ஸ்பீக்கருக்கு ஒலியை அனுப்பும் ஒரு அவுட்புட் டிரான்ஸ்பார்மரைப் பலி கொடுத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் உறவுக்காரப் பையன் ஒருவன் அவன் தாத்தாவின் ஐந்து வால்வு ரேடியோவைப் பரணிலிருந்து இறக்கிவைத்துவிட்டு என்னைத் தொலைபேசியில் அழைத்தான். "கண்டன்சர்களை எல்லாம் புதுப்பித்துவிட்டு அப்புறம் கரண்ட் கொடு" என்றேன். நான் சொன்னது புதிது வாங்கி மாற்று என்ற பொருளில். அவன் வேறெங்கோ படித்திருந்தது, மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக ஏற்றினால் பழைய கண்டன்சர் உயிர் பெறும் என்று. ரீஃபார்ம் என்று நாம் சொல்லும் அதுவும் புதுப்பித்தல்தானே! மின்னழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் வேரியாக் ஒன்றை இரவல் வாங்கி, நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றியிருக்கிறான். மாலையில் மறுபடி அழைத்தான். "பாட்டு வருகிறது மாமா, உறுமல்கூட இல்லை. ஒரு வால்வுக்குள் தகடு செக்கச்செவேல் என்று ஒளிர்கிறது, பார்க்கவே அழகாக இருக்கிறது." அணைத்துத் தொலை என்று நான் கத்துவதற்குள் மெழுகு உருகும் வாசனை வருகிறது என்றான்.

மறுநாள் போய்ப் பார்த்தேன். குற்றவாளி, சுண்டுவிரல் தடிமனில் பழுப்பு மெழுகு பூசிய 0.01 மைக்ரோஃபாரட் காகிதக் கண்டன்சர். முந்தைய வால்வின் பிளேட்டுக்கும் (எலக்ட்ரான்கள் வந்து சேரும் தகடு), ஸ்பீக்கரை ஓட்டும் இஎல்84 வால்வின் கிரிட்டுக்கும் (மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும் கம்பிவலை) நடுவில் இருப்பது. ஒலியை மட்டும் விட்டு, நேர்மின்னோட்டத்தைத் தடுப்பது அதன் வேலை. அறுபது ஆண்டு ஈரத்தைக் குடித்த காகிதம் எதைத் தடுக்கும்? அதன் காப்புத் தடை 10 மெகா ஓமுக்கு இறங்கியிருக்கிறது, கிரிட்டிலிருந்து எர்த்துக்குப் போகும் தடை 1 மெகா ஓம், பிளேட்டில் 90 வோல்ட் என்று வைத்துக்கொள்ளுங்கள். கசிவு மட்டுமே கிரிட்டை எட்டு வோல்ட் மேலே தூக்கப் பார்க்கும். எலக்ட்ரான்களை உமிழும் கேத்தோடைவிட ஏழு வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேல் தாழ்ந்திருக்க வேண்டிய கிரிட் அது. கடிவாளம் போனால் வால்வு மின்னோட்டத்தைக் குடிக்கும், தகடு சிவக்கும், அந்த மின்னோட்டம் முழுவதும் டிரான்ஸ்பார்மரின் மெல்லிய சுற்று வழியாகத்தான் போக வேண்டும். சாதாரண மல்ட்டிமீட்டர் சில வோல்ட்டில்தான் சோதிக்கும் என்பதால் பல சமயம் இத்தகைய கண்டன்சருக்கு நல்லவன் என்று சான்றிதழும் கொடுத்துவிடும்.

பையன் செய்தது முழுத் தவறும் இல்லை. மின்வழங்கலில் உறுமலை அடக்கும் ஃபில்டர் கண்டன்சர்களுக்கு அந்த வைத்தியம் உண்டு. அவை எலக்ட்ரோலிட்டிக் வகை. அலுமினியத் தகட்டின் மேல் வளர்ந்த ஆக்சைடு படலம்தான் அங்கே காப்பு. வருடக்கணக்கில் சும்மா கிடந்தால் படலம் நலியும். தொடரில் ஒரு தடையைப் போட்டு மெதுவாக மின்னழுத்தத்தை ஏற்றினால், உள்ளே ஈரம் காயாமல் இருக்கும் பட்சத்தில், படலம் திரும்ப வளரும். காகிதத்துக்கு வளர்வதற்கு எதுவும் இல்லை.

ஆகவே இரண்டு சொல் வேண்டும்.

ரீஃபார்முக்கு என் பரிந்துரை: பழக்குதல். புது இரும்புத் தோசைக்கல்லை வாங்கி வந்தால் வீட்டில் என்ன செய்கிறோம்? எண்ணெய் தடவி, மிதமான தீயில் வைத்து, வெங்காயத்தை வெட்டித் தேய்த்துப் பழக்குகிறோம். மேலே ஒரு படலம் ஏறிய பிறகுதான் அது தோசைக்கல். அவசரப்பட்டுத் தீயை ஏற்றினால் கெடும். மாதக்கணக்கில் மூலையில் கிடந்தால் துரு ஏறி, திரும்பவும் பழக்க வேண்டும். எலக்ட்ரோலிட்டிக் கதையும் இதேதான்.

ரீகேப்புக்கு: தேக்கிமாற்று. ஓட்டு வீட்டில் மழைக்கு முன் "ஓடு மாற்றியாயிற்றா?" என்று கேட்பார்கள். கூரை முழுவதையும் பிரித்துப் பார்த்து, உடைந்ததை எறிந்து, நல்ல ஓட்டைத் திரும்ப அடுக்குவதுதான் ஓடு மாற்றுவது. ரேடியோவிலும் காகிதம் எல்லாம் போகும், மைக்காவும் செராமிக்கும் பெரும்பாலும் இருந்த இடத்திலேயே இருக்கும். ஒன்றிரண்டை மட்டும் கழற்றிப் போட்டால் அது வெறும் பழுது பார்ப்பு.

(கண்டன்சர் என்ற பெயர் 1782இல் வோல்ட்டா வைத்தது. ஆங்கிலப் பாடநூல் அதைக் கைவிட்டுவிட்டது. நம் ரேடியோ மெக்கானிக் விடவில்லை. நானும் விடப்போவதில்லை, மன்னிக்கவும்.)

*

வணக்கம் ஐயா. யாழ்ப்பாணத்திலிருந்து எழுதுகிறேன்.

பழக்குதல் நல்ல சொல். இரண்டு மறுப்புகள். எங்கள் பாடநூலில் அது தேக்கி இல்லை, கொள்ளளவி. தேக்கிமாற்று என்றால் இங்கே மாணவர்களுக்குப் பிடிபடாது. அடுத்தது, புதிதாகச் செய்த ஆம்ப்ளிஃபையரைச் சில மணி நேரம் ஓடவிட்டுப் பார்க்கிறோமே, அதையும் பழக்குதல் என்றுதான் ஒருவர் எழுதுவார். பிறகு திரும்பவும் உங்கள் மருமகன் கதைதான். முன்னே ஒரு "மீள" சேர்த்து, மீளப் பழக்கல் என்று வைத்தால் குழப்பம் வராது. மீள்குடியேற்றம் என்று நாள்தோறும் எழுதிப் பழகிய எங்களுக்கு அது கூச்சமில்லாமல் வருகிறது.

*

இரண்டாவது மறுப்பை அப்படியே ஏற்கிறேன் ஐயா. மீளப் பழக்கல். எனக்குத் தோன்றாமல் போனதில் சற்று வெட்கம்.

முதலாவதில் நான் இழுபறி செய்ய மாட்டேன். நிற்க வேண்டியது மாற்று என்ற பின்பாதி. முன்பாதியில் நீங்கள் கொள்ளளவி போடுங்கள், நாங்கள் தேக்கி போடுகிறோம். பட்டறையில் கண்டன்சர்மாற்று என்று எவராவது எழுதினாலும் நான் திருத்தப்போவதில்லை.

இன்னொன்று மிச்சம் இருக்கிறது. பழைய கண்டன்சரின் காகிதக் கூட்டைக் குடைந்து, உள்ளே சின்னப் பாலியெஸ்டர் கண்டன்சரை ஒளித்துவைத்து, இரண்டு முனையிலும் மெழுகு ஊற்றி மூடுகிறார்களே, பார்வைக்குப் பழசாகவே தெரிய வேண்டும் என்று. கூடு நிரப்பல் என்று எழுதிப் பார்த்தேன். கூடுபாய்தல் பொருத்தமாகப் படுகிறது, ஆனால் சித்தர்கள் கோபித்துக்கொள்வார்களோ?