மெழுகு பாலிஷ் போட்ட மரமும் கல்லும்: உங்கள் வீட்டில் என்ன நடந்தது?

ஊஞ்சல் பலகை:
பாட்டி காலத்து பர்மா தேக்கு. பழைய வார்னிஷைச் சுரண்டி எடுத்துவிட்டுத் தேன்மெழுகுதான் வேண்டும் என்று ஆசாரியிடம் அடம்பிடித்துப் போட்டோம். ஆயுத பூஜைக்கு வந்த பெரியப்பா சுடச்சுடக் காபி டம்ளரைப் பலகையில் வைத்துவிட்டு கிரிக்கெட்டில் மூழ்கிவிட்டார். டம்ளரை எடுக்கும்போது லேசாக ஒட்டிக்கொண்டு, அப்புறம்தான் வந்தது. அடியில் வெள்ளை வளையம். வேட்டி நுனியால் துடைத்தார், இன்னும் ஈஷிக்கொண்டது. கடைசியில், "நல்ல தேக்குன்னா இப்படி ஆகாதேம்மா" என்றார். பழியைத் தேக்கின் மேல் போட்டாரே, அதுதான் இன்னும் ஆறவில்லை.

கடப்பா மேடை:
மரமாவது பரவாயில்லை அக்கா. எங்கள் சமையல் மேடைக்கு மெழுகு தேய்க்க வந்தவர், "இனி எது கொட்டினாலும் கல்லுல இறங்காது சார்" என்று அடித்துச் சொல்லிவிட்டுப் போனார். ரசத்துக்குப் பிழிந்த எலுமிச்சை மூடி ஒன்று ராத்திரி முழுக்கக் கவிழ்ந்து கிடந்தது. காலையில் பார்த்தால் அந்த இடம் மட்டும் சாம்பல் பூத்து, தடவினால் சொரசொரவென்று இருக்கிறது. கறை என்றால் தேய்த்து எடுக்கலாம், இது கல்லே அரித்துப்போனது. கடப்பா சுண்ணாம்புக்கல் வகை. மார்பிள் மாதிரியே இதற்கும் புளிப்பு ஆகாது. மெல்லிய மெழுகு அதை எவ்வளவு நேரம் தடுக்கும்? ஆளைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இன்னொரு கோட் போட்டுடலாம் சார்!"

திண்ணை வீடு:
உங்களுக்குப் போனது பளபளப்பு. எங்கள் அம்மா விழுந்தார். ரெட் ஆக்சைடு தரை, பொங்கலுக்கு முன்னால் ஒருவர் மெழுகை அள்ளி அப்பிவிட்டுப் போனார். முகம் தெரிகிற அளவுக்குப் பளபளப்பு. அம்மா ஈரக்காலோடு குடத்தைத் தூக்கிக்கொண்டு வந்தார். குடம் உருண்டு முற்றம்வரை போன சத்தம்தான் எனக்கு முதலில் கேட்டது. மணிக்கட்டில் மாவுக்கட்டு. பெரியவர்கள் இருக்கிற வீட்டில் தரைக்கு மெழுகே வேண்டாம் என்பேன்.

மரவேலை மாமா:
வேண்டாம் என்று ஒரேயடியாகச் சொல்லாதீர்கள் தம்பி. அப்பினது தப்பு. மெழுகைத் துணியில் தொட்டு மெலிதாக இழுத்து, காய விட்டு, வேறு துணியால் அழுத்தித் தேய்த்து மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். மேலே தங்கி நிற்கிற மெழுகுதான் வழுக்கும், தூசியையும் பிடிக்கும். ஈரக்கால் படுகிற இடத்தில் மட்டும் போடாமல் விட்டுவிடலாம்.
ஊஞ்சலுக்கு வருகிறேன். தேன்மெழுகு 62 முதல் 64 டிகிரி செல்சியஸில் உருகும், அதற்கு முன்னாலேயே இளகிவிடும். சூடான டம்ளரை எப்படித் தாங்கும்? ஒரு வகைப் பனையின் இலையிலிருந்து எடுக்கிற கார்னாபா மெழுகு 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். அதைக் கொஞ்சம் கலந்தால் கெட்டியாக நிற்கும். வெள்ளை வளையம் பெரும்பாலும் மெழுகோடு நின்றுவிடும், டர்பன்டைன் நனைத்த துணியால் துடைத்துவிட்டுப் புதிதாகப் போடுங்கள். கறுப்பு வளையம் என்றால் இரும்பும் ஈரமும் மரத்தில் இருக்கிற துவர்ப்புச் சத்தான டானினோடு சேர்ந்தது, அது வேறு வைத்தியம். மெழுகு இருக்கிற மரத்தில் அப்படியே பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) அடித்தால் பிடிக்காது, உரிந்து வரும். மெழுகைக் காய்ச்சுவதென்றால் வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் வைத்து உருக்குங்கள். அடுப்பை அணைத்து, தள்ளிக் கொண்டுபோன பிறகுதான் டர்பன்டைன் ஊற்ற வேண்டும். இன்னொன்று, ஆளிவிதை எண்ணெய் கலந்திருந்தால் துடைத்த துணியைச் சுருட்டிப் போடாதீர்கள், தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயப் போடுங்கள்.

ஊஞ்சல் பலகை:
மாமா, வளையம் போய் மாசக்கணக்காகிறது. நான் வைத்தியம் கேட்கவே இல்லையே!

காரைக்குடிக்காரன்:
மாமா சொல்வதெல்லாம் சரி, கையால் செய்கிற சிமெண்ட் ஓடான ஆத்தங்குடிக் கல்லுக்கு மட்டும் அந்தக் கணக்கு வேண்டாம். தண்ணீரில் துளி தேங்காய் எண்ணெய் விட்டுத் துடைத்துத் துடைத்தே எங்கள் வளவு வீட்டுத் தரை மின்னும். கல்யாணத்துக்கு வந்த காண்ட்ராக்டர் எங்களைக் கேட்காமலே மெழுகு போட்டு மெஷின் ஓட்டிவிட்டார். இணைப்பு இடுக்கெல்லாம் வெள்ளையாக அடைத்துக்கொண்டது. ஆச்சி தேங்காய் நாரோடு தரையில் உட்கார்ந்து, அவரையும் எதிரில் உட்கார வைத்து, ஒரு தாழ்வாரம் முழுக்கத் தேய்க்க விட்டார்கள். பேசின கூலியில் பாதிதான் கொடுத்தார்கள், சாப்பாடு மட்டும் முழுசாகப் போட்டார்கள்.