புதுப்பிப்பு: பழைய பல் கிளினிக்கை வாங்கியாச்சு, பட்ஜெட் எங்கே இடித்தது?

ஓடிக்கொண்டிருக்கும் பல் கிளினிக்கை வாங்குவதா, புதிதாகத் திறப்பதா என்று இங்கே கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லோருக்கும் நன்றி. வாங்கிவிட்டேன்.

கைகொடுத்தது, "அலமாரியில் இருக்கும் ஃபைலை எண்ணாதீர்கள், கடைசி 24 மாதத்தில் வந்தவர்களை எண்ணுங்கள்" என்ற யோசனைதான். விற்றவர் 3,000 நோயாளிகள் என்றார். அப்பாயின்ட்மென்ட் நோட்டைப் புரட்டினால் 1,100 பேர்கூடத் தேறவில்லை. குட்வில்லுக்கு, அதாவது கிளினிக்கின் பெயருக்கும் வழக்கமாக வரும் நோயாளிகளுக்கும் சேர்த்து, கேட்ட தொகையில் மூன்றில் ஒரு பங்கு அங்கேயே இறங்கியது.

எதிர்பாராதது, பல் கருவிகளுக்குக் காற்றழுத்தம் கொடுக்கும் கம்ப்ரஸர். நாற்காலிகளின் பளபளப்பில் நானும் மயங்கிவிட்டேன். கம்ப்ரஸர் டேங்கின் அடிவால்வைத் திறந்ததும் துருத்தண்ணீர் கொட்டியது. ஈரக்காற்று, பல்லைக் குடையும் கருவியான ஹேண்ட்பீஸின் பேரிங்கை அரித்துவிடும். இரண்டு ஹேண்ட்பீஸ்கள் ஏற்கெனவே போயிருந்தன. எண்ணெய் இல்லாத கம்ப்ரஸர், காற்றின் ஈரத்தை நீக்கும் ட்ரையரோடு புதிதாகவே வாங்க வேண்டியதாயிற்று. விலை பேசுமுன் ஒரு சர்வீஸ் மெக்கானிக்கைக் கூட்டிப்போங்கள்.

ஆறு மாதச் சம்பளத்தையும் வாடகையையும் தனியே ஒதுக்கச் சொன்னவருக்குத் தனி நன்றி. முதல் 4 மாதம் அதில்தான் ஓடியது. இன்னொன்று: வாடகை ஒப்பந்தத்தை என் பெயருக்கு மாற்ற, கட்டட உரிமையாளர் புதிதாக முன்பணம் கேட்டார். அது என் கணக்கிலேயே இல்லை.