அரை கிரவுண்டில் முற்றம்: வெளிச்சம் வேண்டும், பக்கத்து மாடியின் பார்வை வேண்டாம்

கயல், மடிப்பாக்கம்:
எங்கள் மனை 20-க்கு 60 அடி, மேற்கு பார்த்தது. தெற்கே மூன்று மாடி அடுக்ககம். அதன் பால்கனிகள் எல்லாம் எங்கள் பக்கம். இப்போதைய வாடகை வீட்டில் பட்டப்பகலிலும் திரையை இழுத்துவிட்டு, விளக்கைப் போட்டுக்கொண்டுதான் அம்மா சமைக்கிறார். புது வீட்டிலும் அவருக்கு அந்த நிலை வரக்கூடாது. 6-க்கு 10 அடியில் முற்றம் கேட்டேன். "கீழ்த்தளம் வரை வெளிச்சம் இறங்காது, மேலிருந்து பார்ப்பார்கள், கண்ணாடி போட்டு மூடிவிடலாம்" என்கிறார் பொறியாளர். என்ன செய்யலாம்?

வீடு வரைபவன்:
முற்றத்தை விட்டுவிடாதீர்கள், சகோதரி. கண்ணாடியால் முழுக்க மூடினால் சித்திரை வெயிலின் சூடு வெளியேற வழியின்றி வீட்டுக்குள்ளேயே தேங்கும்.

முற்றத்தை வடக்குச் சுவரை ஒட்டித் தள்ளுங்கள். பால்கனியிலிருந்து தூரம் கூடும். மேலே கிழக்கு மேற்காகக் கான்கிரீட் பட்டைகள் போடுங்கள். பட்டையின் உயரமும் இடைவெளியும் சமமாக இருந்தால் கிடைமட்டத்திலிருந்து 45 பாகைக்கும் குறைந்த சரிவில் வரும் பார்வை உள்ளே இறங்காது. வெயில் இறங்கும்: சென்னையில் மார்கழி நண்பகலில்கூடச் சூரியன் ஏறக்குறைய 53 பாகை உயரத்தில் நிற்கிறது.

பொறியாளர் சொன்னதிலும் பாதி உண்மை. இரண்டு தளம் எழுப்பினால் அந்த மாதத்தில் 6 அடி அகல முற்றத்தின் தரையில் வெயில் படாது, வடக்குச் சுவரின் மேற்பகுதியில்தான் படும். அந்தச் சுவருக்கு வெள்ளை அடியுங்கள். அது வெளிச்சத்தைக் கீழே அனுப்பும். சமையலறை முற்றத்தைப் பார்த்து இருக்கட்டும்.

மீனாட்சி, நங்கநல்லூர்:
முற்ற வீட்டில் பல ஆண்டுகளாக இருக்கிறோம். ஐப்பசி, கார்த்திகை மழையை நினைத்துக் கட்டுங்கள், அம்மா. எங்கள் முற்றத்தில் வடிகால் குழாய் சிறியது. 2015 டிசம்பரில் கூடத்துக்குள் தண்ணீர் வந்துவிட்டது. தரையை அரையடி தாழ்த்துங்கள். பெரிய குழாயாகப் போட்டு மழைநீர்க் குழிக்கு விடுங்கள். கொசுவலையைக் கழற்றிக் கழுவும்படி சட்டத்தில் பொருத்துங்கள்.

கயல்:
மிக்க நன்றி. அடுக்ககத்தாரிடம் கேட்டு மொட்டை மாடியில் ஏறிப் பார்த்தேன். பார்வை 45 பாகையைவிடச் செங்குத்தாக இறங்குகிறது.

வீடு வரைபவன்:
ஏறிப் பார்த்தது நல்லது. பலர் கட்டி முடித்த பிறகுதான் பார்க்கிறார்கள். பட்டை ஓரடி உயரம், இடைவெளி அரையடி என்று வைத்தால் 63 பாகை வரை மறையும். மார்கழியின் நேர்வெயில் போய்விடும், ஆனால் சமைக்க வானத்து வெளிச்சமே போதும். தெற்குச் சன்னல்களை 6 அடிக்கு மேல் வையுங்கள். மாடிப்படியும் குளியலறையும் மேற்கே, தெருப்பக்கம் வரட்டும். மாலை வெயிலை அவை தாங்கிக்கொள்ளும்.