செடானை விட்டுவிட்டு எல்லோரும் ஏன் எஸ்யூவிக்குப் போகிறார்கள்?

சாலைநேசன்:
பத்து வருடமாக செடான் ஓட்டுகிறேன். இப்போது வண்டி மாற்றும் நேரம். வீட்டில் எல்லோரும் எஸ்யூவி என்கிறார்கள், நண்பர்களும் அதையேதான் சொல்கிறார்கள். எனக்கு மனது வரவில்லை. என் வண்டி வளைவில் தரையோடு ஒட்டிக்கொண்டு போகும். டிக்கி தனி அறையாக இருப்பதால் பின்சக்கரச் சத்தம் அவ்வளவாக உள்ளே வராது. இதையெல்லாம் விட்டுவிட்டு உயரமான வண்டிக்கு மாற என்ன காரணம் இருக்கிறது? தோற்றத்தையும் மிடுக்கையும் தாண்டி ஒன்று சொல்லுங்கள்.

உயரஇருக்கை:
முழங்கால். என் அம்மாவுக்கு மூட்டுத் தேய்மானம். பழைய செடானில் அவர் ஏறுவதைத் தினமும் பார்த்தவன் நான். கதவுக்கு மேலே கை ஊன்றிக்கொள்வார், தலையைக் குனிவார், அப்புறம் பாதி வழியில் கால் தாங்காமல் இருக்கையில் பொத்தென்று விழுவார். இறங்குவது இன்னும் கஷ்டம். ஒரு காலை வெளியே வைத்துவிட்டு என் கைக்காகக் காத்திருப்பார். இப்போதிருக்கும் கிராஸ்ஓவரில் (கார் மாதிரி கட்டிய எஸ்யூவி) இருக்கை கிட்டத்தட்ட அவர் இடுப்பு உயரத்துக்கு வருகிறது. பக்கவாட்டில் உட்கார்ந்து கால்களை உள்ளே திருப்பிக்கொள்கிறார், அவ்வளவுதான். யார் துணையும் வேண்டாம். பின்னால் குழந்தை இருக்கையில் தினமும் பெல்ட் மாட்டிவிடுபவர்களைக் கேட்டுப் பாருங்கள், அவர்களும் முதுகுவலியிலிருந்துதான் பேச்சைத் தொடங்குவார்கள். இதை மிடுக்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள்.

சாலைநேசன்:
அம்மா விஷயத்தில் எனக்கு மறுப்பே இல்லை. ஆனால் தனி ஆளாக வேலைக்குப் போய்வரும் முப்பது வயதுக்காரரும் அதையேதானே வாங்குகிறார்? அவர் எதை இழக்கிறார் என்று பாருங்கள். காற்றுத் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும். 50 கி.மீ. வேகத்திலிருந்து 100க்குப் போனால் தடை இரண்டு மடங்கு ஆகாது, நான்கு மடங்கு ஆகும். அதை வண்டியின் முகப்புப் பரப்பாலும் பெருக்கிப் பார்க்க வேண்டும். வண்டியின் வடிவம் காற்றை எவ்வளவு தடுக்கிறது என்று காட்டும் எண் இழுவைக் குணகம், குறைந்தால் நல்லது. 2013இல் வந்த மெர்சிடிஸ் சிஎல்ஏ செடானுக்கு அது 0.23. எத்தனையோ எஸ்யூவிகள் 0.30ஐத் தாண்டுகின்றன, பரப்பும் அவற்றுக்குத்தான் அதிகம். நெடுஞ்சாலையில் மைலேஜ் குறைவது இதனால்தான்.

ஐந்தாம்கதவு:
இரண்டு பேரும் ஹேட்ச்பேக்கை மறந்தே போனீர்கள், அதுதான் தனி டிக்கி இல்லாமல் பின்கண்ணாடியோடு சேர்ந்தே பின்கதவு திறக்கும் வண்டி. என்னுடையது சின்ன வண்டிதான். போன மாதம் ஒரு சைக்கிளை ஏற்ற வேண்டியிருந்தது. பின் இருக்கையை மடித்தேன், முன்சக்கரத்தைக் கழற்றினேன், உள்ளே போய்விட்டது. செடான் டிக்கி எத்தனை லிட்டர் என்று கணக்குச் சொல்வார்கள், வாய் எவ்வளவு அகலம் என்று யாரும் சொல்வதில்லை. என் நண்பருடைய டிக்கியில் ஒரு பெட்டிக்கு உள்ளே தாராளமாக இடம் இருந்தது, வாய் வழியாகத்தான் நுழையவில்லை.

குறையும் உண்டு. பின்கண்ணாடி சீக்கிரம் அழுக்காகும். செங்குத்தாக முடியும் பின்புறத்துக்கு அப்பால் காற்று சுழன்று, சக்கரம் கிளப்பும் சேற்றைக் கண்ணாடியில் அப்பிவிடும். ஹேட்ச்பேக்கிலும் எஸ்யூவியிலும் பின் வைப்பர் இருப்பதும், பெரும்பாலான செடான்களில் இல்லாததும் அதனால்தான்.

விசைத்திருகி:
முப்பது வயதுக்காரர் ஏன் வாங்குகிறார் என்பதற்கு நான் சொல்கிறேன். அவருக்கு வேண்டியது பார்வை. உயரத்தில் உட்கார்ந்தால் முன்னால் போகும் காரின் கூரைக்கு மேலே, அதற்கும் முன்னால் யார் பிரேக் பிடிக்கிறார் என்பது தெரியும். அது தரும் தைரியம் பெரியது. ஆனால் தைரியமும் பாதுகாப்பும் ஒன்றல்ல. வண்டி உயர உயர எடைமையமும் மேலே போகும், கவிழும் வாய்ப்பு கூடும். சறுக்கலைத் தடுக்கும் ஈஎஸ்சி வந்த பிறகு அந்த ஆபத்து வெகுவாகக் குறைந்தது. அமெரிக்காவில் 2012 மாடல்களிலிருந்து எல்லாக் கார்களிலும் அது கட்டாயம்.

இன்னொன்று. முன்பு எஸ்யூவிகளில் பெரும்பாலானவை லாரி மாதிரி ஏணிச் சட்டத்தின் மேல் கட்டப்பட்டவை, குலுங்கும். 1994இல் டொயோட்டா ராவ்4 வந்தபோது சட்டமும் உடலும் ஒன்றாகவே அமைந்த காரின் ஒற்றைக்கூட்டு உடலும் காரின் சஸ்பென்ஷனும் அதில் இருந்தன. உயரமும் கிடைத்தது, காரின் சொகுசும் கிடைத்தது. இந்த வகை பெருகியதற்கு வேர் அங்கே இருக்கிறது. அப்புறம் கடையில் எது நிற்கிறது என்பதும் ஒரு காரணம். வட அமெரிக்காவில் முஸ்டாங் போன்ற ஓரிரண்டைத் தவிர, செடான் உள்ளிட்ட எஸ்யூவி அல்லாத மற்ற கார்களைக் கைவிடப்போவதாக ஃபோர்டு 2018இல் அறிவித்தது. செடானே வைக்காத கடையில் செடான் விற்கவில்லை என்று சொல்வது நியாயமில்லை. மின்சாரக் கார்களில் பேட்டரி தரைக்கடியில் போவதால் தரையே உயர்ந்துவிடுகிறது, அதற்கும் உயரமான உடல்தான் வசதி.

சாலைநேசன்:
பார்வை என்றீர்களே, அந்தப் பார்வை என்னிடமிருந்து பிடுங்கியது. உயரமான வண்டி முன்னால் போனால் எனக்கு அதன் பின்கதவைத் தவிர எதுவும் தெரிவதில்லை. நடந்து போகிறவர்களையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் சாலைப் பாதுகாப்பை ஆராயும் ஐஐஹெச்எஸ் அமைப்பு 2023இல் வெளியிட்ட ஆய்வின்படி, பானட் 40 அங்குலத்துக்கு மேல் உயர்ந்த வண்டி மோதினால் பாதசாரி இறக்கும் வாய்ப்பு, 30 அங்குலத்துக்கு மிகாத சரிவான முகப்பு உள்ள காரைவிடச் சுமார் 45 சதவீதம் அதிகம். இது எனக்குச் சாதாரண விஷயமாகத் தெரியவில்லை.

உயரஇருக்கை:
படித்ததும் டேப்பை எடுத்துக்கொண்டு கீழே போனேன். என் வண்டியின் பானட் முன்விளிம்பு 94 செ.மீ. 40 அங்குலம் என்றால் 101 செ.மீ. சொச்சம், அதற்குக் கீழேதான் இருக்கிறது. ஆனால் 30 அங்குலத்துக்குப் பக்கத்திலும் இல்லை. இருக்கை தரையிலிருந்து 68 செ.மீ. பழைய செடானில் 52 இருந்தது. அம்மாவுக்குத் தேவைப்பட்டது இந்த 16 செ.மீ. மட்டும்தான், பானட் உயரம் அவருக்கு எதற்கு? இருக்கை உயர்ந்து மூக்கு தாழ்ந்த வண்டி நிறைய வந்தால் நானே முதலில் மாறிவிடுவேன்.

சாலைநேசன்:
சரி, இதை நான் யோசிக்கவில்லை. என் அப்பாவும் அறுபத்தெட்டைத் தொட்டுவிட்டார். வார இறுதியில் அவரையும் கூட்டிக்கொண்டு மூன்று வகையிலும் ஒவ்வொன்றை ஓட்டிப் பார்க்கிறேன். ஆனால் 100 கி.மீ. வேகத்தில் வளைவில் போய்ப் பார்க்காமல் எஸ்யூவிக்குத் தலையாட்ட மாட்டேன்.

ஐந்தாம்கதவு:
போகும்போது பின் இருக்கையை மடித்தும் பாருங்கள் சார். தரை சமமாக வருகிறதா, நடுவில் படி நிற்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்பாவை முன்னால் மட்டும் உட்கார வைக்காதீர்கள், பின்னாலும் ஏறி இறங்கச் சொல்லுங்கள்.