பிளக்-இன் ஹைபிரிட் கார் கூரையில் சோலார்: காரைக்குடி வெயிலுக்குக் கட்டுபடியாகுமா?

தேவகோட்டை_ரஸ்தா (கேள்வி)

வணக்கம். வீடு தேவகோட்டை, கடை காரைக்குடி. போக வர 40 கிமீ சுமார். பிளக்-இன் ஹைபிரிட் (செருகி சார்ஜ் ஏற்றலாம், பெட்ரோலிலும் ஓடும்) எஸ்யூவி ஒன்று எடுக்கப் போகிறோம். பேட்டரி 18 யூனிட், ஏசி போட்டே மின்சாரத்தில் 60 கிமீ ஓடும் என்கிறார்கள். பகலில் வண்டி கடை வாசலில் காலை 9 முதல் மாலை 5 வரை முழு வெயிலில் நிற்கும். வெளிநாட்டில் டொயோட்டா பிரியஸ் காரில் கம்பெனியே கூரையில் சோலார் வைத்துத் தருகிறதாம். நம் வண்டிக்கு அது வராது. ஆனால் சோலார் வேலை செய்யும் ஒருவர், வளையும் பேனல் 150 வாட்டில் இரண்டை ஒட்டி, "நேரே பெரிய பேட்டரிக்கே சார்ஜ் ஏற்றிவிடலாம்" என்கிறார். இவ்வளவு வெயில் அடிக்கிற ஊரில் அதை வீணாக்குவானேன் என்று தோன்றுகிறது. செய்யலாமா?

கம்பிக்கணக்கு

கம்பெனி கூரையை முதலில் பார்ப்போம். 2009 பிரியஸில் வந்த சோலார், நிறுத்திய வண்டிக்குள் காற்றோட்ட விசிறியை ஓட்டியதோடு சரி. ஓட்டத்துக்கான பேட்டரிக்கே சார்ஜ் ஏற்றியது 2017 பிளக்-இன் மாடல்தான்: 180 வாட் பேனல். ஜப்பானில் டொயோட்டா சொன்ன கணக்கு நாளுக்குச் சராசரி 2.9 கிமீ, அதிகபட்சம் 6.1 கிமீ. இப்போதைய மாடலில் 185 வாட், ஆண்டுக்கு 1,250 கிமீ வரை என்கிறார்கள். வகுத்துப் பார்த்தால் நாளுக்கு மூன்றரை கிமீக்குள்.

நம் ஊர் 10 டிகிரி அட்சரேகை. பேனல் படுத்துக் கிடந்தாலும் பெரிய நஷ்டமில்லை, ஜப்பானைவிட நமக்கு இது சாதகம். வருடச் சராசரியாக நாளுக்கு ஐந்து மணி நேர முழு வெயில் என்று வையுங்கள். 185 வாட்டுக்கு 0.9 யூனிட் வரவேண்டும். ஆனால் சித்திரை வெயிலில் கார் கூரைப் பேனல் 70 டிகிரியைத் தொடும். 25 டிகிரிக்கு மேல் ஏறும் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் உற்பத்தி குறையும். அதிலேயே 15 சதவீதம் போச்சு. செம்மண் புழுதி, கூரையின் வளைவு, வோல்டேஜை ஏற்றி மாற்றும் இழப்பு எல்லாம் போக பேட்டரிக்குள் இறங்குவது 0.6 யூனிட். பிரியஸ் எடைக்கு அது 4 கிமீக்குக் கொஞ்சம் மேல், எஸ்யூவிக்கு 3 கிமீகூட வராது.

இனி பணம். இந்த 3 கிமீ எதை மிச்சப்படுத்துகிறது என்பதில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறார்கள். உங்கள் ஓட்டம் 40, பேட்டரி 60. ராத்திரி வீட்டில் செருகினால் பெட்ரோலே தொட வேண்டாம். ஆகவே கூரை சோலார் மிச்சம் பிடிப்பது பெட்ரோலை அல்ல, ஈபி யூனிட்டை. இரண்டு மாதத்தில் 500 யூனிட் தாண்டிய வீடு என்றாலும் யூனிட் 8, 9 ரூபாய். நாளுக்கு ஐந்து ரூபாய், வருடம் முழுக்க ஒருநாள் விடாமல் வெயிலில் நின்றால் 2,000 ரூபாய்க்குள்.

செருகும் வசதியே இல்லாத ஹைபிரிடில் கதை வேறு. 2020 ஹூண்டாய் சொனாட்டா ஹைபிரிடில் சோலார் கூரை வந்தது. அதற்கு வெளியிலிருந்து வரும் மின்சாரம் சூரியன் ஒன்றுதான், வருகிற ஒவ்வொரு யூனிட்டும் பெட்ரோலைக் குறைக்கும். பிளக் உள்ள வண்டியில் அதே கூரைக்கு வேலை குறைந்துபோகிறது.

இன்னொன்று, சோலாருக்காக வண்டியை வெயிலில் நிறுத்தினால் மாலையில் உள்ளே 55, 60 டிகிரி இருக்கும். அதைத் தணிக்க ஏசி முதல் பத்து நிமிடம் 2, 3 கிலோவாட் இழுக்கும். அதுவே 0.3 முதல் 0.5 யூனிட். நாள் முழுக்கச் சேர்த்ததில் பாதிக்கு மேல் காரைக்குடி எல்லை தாண்டும் முன்பே தீரும். லித்தியம் பேட்டரிக்கும் சூடு ஆகாது. ஒரு வேப்பமர நிழல் கிடைத்தால் அதுதான் லாபம்.

ஆரஞ்சு_கேபிள்

கம்பிக்கணக்கு சொன்னது கம்பெனி கூரை. உங்களுக்குச் சொல்லியிருப்பது ஒட்டு வேலை, அது இன்னும் மோசம்.

அண்ணே, "நேரே பெரிய பேட்டரிக்கு" என்றாலே அந்த ஆளை அனுப்பிவிடுங்கள். அந்த பேட்டரி பல நூறு வோல்ட் டிசி. வண்டி அணைந்திருக்கும்போது உள்ளே இருக்கும் கான்டாக்டர் (பெரிய சுவிட்ச்) திறந்து பேட்டரி தனியாகக் கிடக்கும். வண்டியின் கட்டுப்பாட்டு யூனிட் சம்மதிக்காமல் ஒரு ஆம்ப்கூட உள்ளே போகாது. அதை மீறி ஆரஞ்சு நிற உயர் வோல்டேஜ் ஒயரில் கை வைத்தால் உயிருக்கே ஆபத்து. வாரண்டியும் போகும், மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவு மாற்றியமைப்பைப் பற்றியது என்பதால் இன்சூரன்ஸ் கிளைமிலும் கேள்வி வரும்.

நேர்மையான வழி ஒன்றுதான்: பேனல், எம்.பி.பி.டி. கன்ட்ரோலர் (பேனலின் முழுத் திறனையும் எடுத்து பேட்டரிக்கு ஏற்றும் கருவி), டிக்கியில் தனி லித்தியம் பேட்டரி, இன்வெர்ட்டர், அதிலிருந்து வண்டியின் சொந்த சார்ஜிங் கேபிள். இது எங்கே சிக்கும் என்று பாருங்கள். சார்ஜிங் கேபிள் 6 ஆம்புக்குக் கீழே வேலை செய்யாது. 230 வோல்ட்டில் அது 1.4 கிலோவாட். உங்கள் 300 வாட் பேனலால் நேரடியாக முடியாது, நடுவே பேட்டரி வேண்டும். 12.8 வோல்ட் 100 ஏஎச் (ஆம்ப்-மணி) பேட்டரி போட்டால் இன்வெர்ட்டர் இழப்பும் சேர்ந்து 120 ஆம்ப் இழுக்கும். அந்த அளவு பேட்டரிகளின் பி.எம்.எஸ். (பேட்டரியைக் காக்கும் சர்க்யூட்) பெரும்பாலும் 100 ஆம்பில் கட் ஆகிவிடும். 24 வோல்ட்டுக்குப் போக வேண்டும், தடித்த கேபிள், தக்க ஃபியூஸ். அப்புறம் இன்வெர்ட்டர் அவுட்புட்டில் நியூட்ரலும் எர்த்தும் சேராமல் மிதந்தால் கேபிளில் எர்த் ஃபால்ட் சிவப்பு விளக்கு எரியும், சார்ஜே தொடங்காது. இவ்வளவும் சரிசெய்தால் 300 வாட்டில் நாளுக்குக் கிடைப்பது 0.7 யூனிட். டிக்கியில் ஏறும் 30, 40 கிலோவைத் தினமும் சுமக்க வேண்டியது தனி.

பெயிண்ட் மேல் காற்று இடைவெளியின்றி ஒட்டிய வளையும் பேனல் நம் வெயிலில் 80 டிகிரி போகும். மேல் படலம் கொப்பளிக்கும், ஒரு செல் விரிசல் விட்டால் அந்த இடம் மட்டும் கருகும். ஒரு தென்னங்கீற்று நிழல் குறுக்கே விழுந்தாலே அந்த வரிசை செல்கள் மொத்தமும் மின்சாரம் தராமல் ஒதுங்கிவிடும்.

கடையில் 15 ஆம்ப் பிளக் ஒன்று கிடைக்குமா? 10 ஆம்பில் ஒரு மணி நேரம் செருகினால் 2.3 யூனிட். கூரை சோலார் நாலு நாள் சேர்ப்பது அது. வணிக இணைப்பில் யூனிட் விலை கூடத்தான், இருந்தாலும் மதுரை போகிற நாளில் அது பெட்ரோலையே குறைக்கும்.

நாட்டு_ஓடு

பேனலை வீட்டில் வையுங்கள். ஆனால் பழைய செட்டிநாட்டு வீடாக இருந்தால் ஓட்டுக் கூரையில் வேண்டாம். நாட்டு ஓடு அடுக்கடுக்காகப் பரப்பியது, மேலே ஆள் ஏறி நடந்தாலே நழுவும். கிளாம்புக்காக ஓர் இடத்தில் பிரித்தால் ஐப்பசி மழையில் வளவுக்குள் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) ஒழுகும், கீழே தேக்குச் சட்டம் உளுத்துப்போகும். மொட்டைமாடி இருந்தால் அங்கே, இல்லையென்றால் கார் ஷெட்டையே ஜிஐ பைப்பில் பேனல் கூரையாகப் போடலாம். 540 வாட் பேனல் ஒன்று ஏறத்தாழ 2.3 மீட்டர் நீளம், 1.1 மீட்டர் அகலம், 28 கிலோ. தெற்குப் பார்த்து 10 டிகிரி சாய்வு போதும், மழைநீர் புழுதியைக் கழுவிக்கொண்டு போகும். கால் பைப்பைத் தரையில் கான்கிரீட் போட்டு ஊன்றுங்கள், ஷெட் கூரையைக் காற்று கீழிருந்து தூக்கும்.

ஒரு கிலோவாட் நாளுக்கு 4 யூனிட் தரும். நெட் மீட்டர் என்பதால் பகலில் வண்டி காரைக்குடியில் இருந்தாலும் பாதகமில்லை: பகலில் ஈபிக்குப் போனது ராத்திரி சார்ஜில் கழியும். உங்கள் 40 கிமீக்கு நாளுக்கு 10 முதல் 12 யூனிட், அதாவது 2.5 முதல் 3 கிலோவாட் வேண்டும். 3 ஆகவே போடுங்கள். பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. 1 கிலோவாட்டுக்கு 30,000, 2 கிலோவாட்டுக்கு 60,000.

பழைய வயரிங்கில் ஏற்கெனவே இருக்கும் 15 ஆம்ப் பாயிண்டில் செருகாதீர்கள். ஆறு ஏழு மணி நேரம் விடாமல் 10 ஆம்ப் போனால் தளர்ந்த பின் சூடேறி சாக்கெட் உருகும். மெயினிலிருந்து தனியாக 4 சதுர மிமீ ஒயர், 20 ஆம்ப் எம்.சி.பி., 30 மில்லிஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) ஏ டைப், தனி எர்த் குழி.

தேவகோட்டை_ரஸ்தா

நன்றிண்ணே. கார் கூரை யோசனையை விட்டாச்சு, ஷெட்டுக்கு மதிப்பீடு கேட்கிறேன். இன்னொரு சந்தேகம்: வருடத்தில் இரண்டு மாதம் மலேசியா போய்விடுவோம், வண்டி ஷெட்டில் பூட்டிக் கிடக்கும். அதற்காவது சின்ன பேனல் உதவுமா?

ஆரஞ்சு_கேபிள்

அதற்கு நிச்சயம் உதவும். பெரிய பேட்டரிக்கு அல்ல, 12 வோல்ட்டுக்கு. பூட்டிய வண்டி அலாரம், ரிமோட் ரிசீவர் எல்லாவற்றுக்கும் சேர்த்து 30 மில்லிஆம்ப் இழுத்தால் நாளுக்கு 0.7 ஏஎச், அறுபது நாளில் 43 ஏஎச். சின்ன 12 வோல்ட் பேட்டரி சுத்தமாகத் தீர்ந்துவிடும். அது தீர்ந்தால் பெரிய பேட்டரி நிரம்பியிருந்தும் வண்டி உயிர்க்காது.

20 வாட் பேனல் ஷெட்டுக்கு மேலே, வண்டிக்கு அருகில் சின்ன கன்ட்ரோலர். பேட்டரி ஏ.ஜி.எம். (மூடிய லெட்-ஆசிட் வகை) என்றால் அதற்குரிய செட்டிங்கில் வையுங்கள், ஃப்ளோட் (நிரம்பிய பின் நிலைநிறுத்தும் வோல்டேஜ்) 13.6 வோல்ட் அளவில் இருக்க வேண்டும். பாசிட்டிவில் பேட்டரியை ஒட்டி 5 ஆம்ப் ஃபியூஸ். நெகட்டிவை பேட்டரி முனையில் மாட்டாமல் பாடி எர்த்தில் மாட்டுங்கள், முனையில் கரண்ட் சென்சார் இருந்தால், அப்படி மாட்டினால்தான் உள்ளே வரும் சார்ஜ் வண்டியின் கணக்கில் சேரும். முதலில் பேட்டரி, பிறகு பேனல் என்ற வரிசையில் இணையுங்கள். பெரிய பேட்டரியை முழுதாக நிரப்பாமல் பாதியளவில் விட்டுப் போங்கள். ஒயர் முழுவதையும் குழாய்க்குள் விடுங்கள், பூட்டிய ஷெட்டில் எலி சும்மா இருக்காது.